புதிய முகவரி

கடிதம் உரியவரைச் சென்றடைய முகவரி வேண்டும். அவ்வாறே, இணையத்தில் செய்தி சென்று சேரக் கருவிகளுக்கு எண்ணாலாகிய முகவரி வேண்டும். 1981ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற நான்காம் பதிப்பு நெறிமுறை, ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்கே இடந்தந்தது. அன்று அது வற்றாத கடலெனத் தோன்றியது. முன்வந்தோர் வாரிக்கொண்டனர். அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் ஒன்றே 1 கோடியே 60 இலட்சத்திற்கு மேற்பட்ட முகவரிகளைப் பெற்றது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுவிருப்புத் தீர்ந்தது.

இதனை முன்னரே உணர்ந்த அறிஞர், 1995ஆம் ஆண்டிலேயே ஆறாம் பதிப்பை வகுத்தனர். அதன் முகவரிகளின் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். எனினும், பழையதும் புதியதும் நேரே உரையாட இயலா. ஆதலின், பிறர் மாறட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தனர். ஒரு முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழியும் அத்தயக்கத்தை வளர்த்தது.

இத்தயக்கத்தைச் சிலர் சிக்கனம் என்பர். அது பொருந்தாது. பகிர்ந்த முகவரியில் ஒருவன் செய்த தவற்றுக்காக அம்முகவரி தடுக்கப்படின், குற்றமற்ற அயலாரும் உடன் தடுக்கப்படுவர். மேலும், பழைய முகவரிகள் இன்று விலைப்பொருளாகிவிட்டன. முன்வந்தோர் கவலையின்றி இருக்க, பின்வந்தோரே விலை கொடுக்கின்றனர்.

மாற்றம் இயலாததன்று. பிந்தி வந்த இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் இன்று புதிய நெறிக்கு வந்துவிட்டனர். நிறையப் பெற்றோரும் காலந்தாழ்த்தாது மாறுதல் வேண்டும். தமக்குக் குறைவில்லை என்று வாளாவிருப்பது, பொதுவழியில் நின்று பிறரை மறிப்பதனோடு ஒக்கும்.