வெயிலுக்குப் பஞ்சமில்லை, எலும்புக்கு ஏன் பஞ்சம்?

கோயமுத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அசல் மான்செஸ்டரின் கதையை மட்டும் சொல்வதில்லை. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மில் நகரங்களில், புகை மூடிய வானத்தின் கீழ், இருண்ட சந்துகளில் வளர்ந்த தொழிலாளர் குழந்தைகளின் கால்கள் வில்லாக வளைந்தன. ரிக்கெட்ஸ் என்பது அந்த நோயின் பெயர். 1919-ல் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர் புற ஊதா விளக்கின் ஒளியைக் கொண்டே அதைக் குணப்படுத்திக் காட்டினார். அக்குழந்தைகளிடமிருந்து பறிபோனது சூரிய ஒளி என்பது தெளிவாயிற்று.

வெயில் படும்போது நமது தோலே டி வைட்டமினைத் தயாரிக்கிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்று எலும்பில் சேர்க்க அது அவசியம். வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 2016-18-ல் மத்திய சர்க்கார் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வு பதில் சொல்கிறது. டி வைட்டமின் குறைவானவர்கள், 1 முதல் 4 வயது வரை நூற்றுக்கு 14 பேர். 5 முதல் 9 வரை 18 பேர். 10 முதல் 19 வரை 24 பேர். வயது ஏற ஏறக் குறையும் ஏறுகிறது!

காரணம் என்ன? மில் தொழிலாளியின் குடியிருப்பு ஒற்றை அறை லைன் வீடு. தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போனால் பிள்ளை கதவுக்குள்ளே. பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்குகிறது. கையில் 5 ரூபாய்ப் பாக்கெட் தின்பண்டம். ஊதிப் பெருக்கும் பிள்ளையைக் கண்டு, சத்துள்ள பிள்ளை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பதுக்கல் வியாபாரி அரிசியைப் பதுக்குவதுபோல, உடற்கொழுப்பு டி வைட்டமினைப் பதுக்கிக்கொள்கிறது; ரத்தத்தில் அது குறைகிறது.

விவசாயத் தொழிலாளியின் பிள்ளைக்கு வெயில் உண்டு, பால் இல்லை. கறந்த பால் விடியுமுன் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. ராகிக் களி இருந்த வட்டிலில் இன்று வெறும் ரேஷன் அரிசிச் சோறு. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் சுமார் 10 தான். அந்தச் சத்து இல்லாமல் வெயில் மட்டும் எலும்பைக் கட்டாது.

இவற்றிலும் கொடியது மில் விடுதிகளின் கதை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பருவப் பெண்களை மில்லுக்கும் விடுதிக்குமாக அடைத்து வேலை வாங்கியதை 2011, 2014-ம் ஆண்டுகளின் ஆய்வறிக்கைகள் அம்பலப்படுத்தின. எலும்பின் பலத்தில் பெரும்பகுதி சேருவது அந்த வயதில்தான். அப்போது இழந்ததைப் பின்னால் முழுதும் மீட்க முடியாது.

தாய்மார்களே! பிள்ளைகளை முற்பகல் வெயிலில், கைகால்களில் ஒளி படும்படி ஓடியாட விடுங்கள். கால் வளைந்தால், நடை தாமதித்தால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். டாக்டரைக் கேளாமல் டி வைட்டமின் மருந்து வேண்டாம், மிகுந்தாலும் ஆபத்து.

ஆனால் புத்திமதி மட்டும் போதாது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, இன்று முட்டையுடன் வருகிறது. அதில் பாலும் சேர வேண்டும். 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். கொங்கு நாட்டின் ஒவ்வொரு கார்டுக்கும் அது கிடைக்க வேண்டும். விளையாட்டுப் பீரியடில் விளையாட்டே நடக்க வேண்டும். விடுதிப் பெண்கள் பகலில் தடையின்றி வெளியே வர வேண்டும். இவற்றைச் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சூரியனுக்கு எந்த முதலாளியாலும் வேலி போட முடியாது. நம் பிள்ளைகள் அதன் கீழ் நிற்கும் நேரத்துக்கும் இடத்துக்கும்தான் வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலியைப் பிடுங்குவதும் கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதியே!