அத்தை ஆடியதும் தோழர் ஆடிக் காட்டியதும்

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, பகுத்தறிவாளர்கள் நடத்திய கூட்டம் ஒன்றில் கவிதை வாசிக்கப் போயிருந்தேன். அனந்தபுரத்திலிருந்து என் அத்தையும் உடன் வந்திருந்தாள். மருமகள் மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. எனக்கு முன்னால் பேசிய தோழர் நல்ல பேச்சாளர். மூடநம்பிக்கைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தவர், திடீரெனத் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக் கூந்தலைப்போல விரித்துவிட்டார். கண்களைச் செருகினார். நாக்கைத் துருத்தினார். இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடி, "டேய்..." என்று பெண்குரலில் கூவினார். அரங்கம் அதிர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான், மூன்றாவது வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தேன். அவள் மட்டும் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும் பேருந்தில், மல்லாட்டையை உடைத்தபடி கேட்டாள்:

"அந்தாளு ஆடிக் காட்னாரே, அது என்னியத்தானே?"

"ஒன்ன இல்லத்தே. பொதுவா சொன்னாரு."

"நல்லாத்தான் ஆட்னாரு. காலுதான் தப்பு. நெருப்புல எறங்கனவளுக்கு அப்பிடிக் கால் போவாது."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அத்தைக்குத் திரௌபதி அம்மன் வரும். காப்புக் கட்டி, மஞ்சள் புடவை உடுத்தி, ஆண்டு தவறாமல் தீ மிதித்தவள். நானோ கடவுள் இல்லை என்று பதினெட்டு வயதில் முடிவு செய்தவள். அந்த முடிவை மாற்றிக்கொள்ள இன்றுவரை எந்தக் கடவுளும் எனக்குக் காரணம் தரவில்லை. எனவே பக்திக்காக வாதாட நான் வரவில்லை. மதத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையில் ஓர் அணுவைக்கூட விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். என் வழக்கு என் சொந்தக் கட்சியோடுதான். நம்முடைய நாத்திக நகைச்சுவை, மதத்தைப் பார்த்துச் சிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு, மதம் யாரை மிதித்து வைத்திருக்கிறதோ அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. மதம் பாதியில் விட்ட வேலையை அது முடித்துக் கொடுக்கிறது.

வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறார் தொல்காப்பியர். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதே தொல்காப்பியர் களவியலில், பெண்ணுக்கு உரியவை என்று அச்சம், நாண், மடன் மூன்றையும் சொல்கிறார். மடன் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது! பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டதை விடாதிருத்தல் என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். பெண்ணிடம் இருக்கும்போது அது குணம். பார்க்கிறவனுக்கு அது சிரிப்பு. பேதைமையோ கேட்கவே வேண்டாம்; பேதை என்ற சொல்லே நம் மொழியில் பெண்ணுக்கு ஒரு பெயர். நான்கில் இரண்டு நிலைக்களன்களில் நம்மை நிற்கவைத்துவிட்டுத்தான் தமிழ் சிரிக்கத் தொடங்குகிறது.

வாழ்க்கையிலும் அதே இலக்கணம்தான். முதலில் பெண்ணுக்கு மடனைக் கற்றுக்கொடுத்தார்கள். விரதம், நோன்பு, நேர்த்திக்கடன் என்று குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளும் வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் காசு கணவன் கையில் இருக்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பொறுப்பு மனைவி கையில் இருக்கும். அப்புறம், பகுத்தறிவு பெற்ற ஆண் மேடையேறி அவளைப்போல ஆடிக் காட்டுகிறான். அவன் வீட்டிலும் பூசை அறை இருக்கும். கேட்டால், "அதெல்லாம் வீட்டுக்காரம்மா விருப்பம்" என்பான். அவன் நாத்திகனாக இருப்பதற்கும் சேர்த்து அவள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடவுளை ஏசுவது தமிழுக்குப் புதிதில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். திருமணத்தில் குறுக்கிட்டு, 'நீ என் அடிமை' என்று ஓலை நீட்டிய கிழவரைப் பைத்தியக்காரன் என்று ஏசினார் சுந்தரர். ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொல்லிக் கேட்டாராம் சிவன். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர் வந்தது. ஆண் கடவுளை ஏசினால் தோழர் ஆகலாம். காரைக்கால் அம்மையாரோ அழகிய உடலை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அந்தக் கல்யாணப் பந்தலில் இன்னொருத்தியும் இருந்தாள். மாப்பிள்ளையும் கிழவரும் வழக்காடக் கிளம்பிய பிறகு மிச்சம் நின்ற மணப்பெண். அவள் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று பெரியபுராணம் சுருக்கமாக முடித்துக்கொள்கிறது. கடவுளும் ஆணும் விளையாடிய அந்த வேடிக்கைக்கு விலை கொடுத்தவள் அவள்தான்.

நவீன மேடைக்கு வருவோம். எம்.ஆர். ராதா பெரும் துணிச்சல்காரர். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய கொந்தளிப்பில்தான் 1954-இல் சென்னை மாகாண அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2013 வரை ஆயிற்று. அந்த ராதாவை நான் கொண்டாடுகிறேன். ஆனால் அதே 1954-இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஊரின் பழக்கவழக்கங்களை மோகன் கிழித்துப் போடும்போது கைதட்டுகிறோம். அவன் பெற்ற தாயை எட்டி உதைக்கிறான். பழி எல்லாம் காந்தாவின் தலையில் விழுகிறது. தொழுநோய் கண்டு திருந்திய மோகன், தன் மனைவிக்கு மறுமணம் நடக்க வேண்டும் என்று சொல்வது அந்தக் காலத்துக்குப் பெரிய முற்போக்குதான். ஆனால் எழுபது ஆண்டுகளாக மக்கள் வாயில் உலவும் கிண்டல் எல்லாம் மோகனுடையது. கட்டிக்கொடுக்கப்பட்டு, கைவிடப்பட்டு, மறுபடி கட்டிக்கொடுக்கப்படும் சந்திரா எதைப் பார்த்தாவது சிரிக்கிறாளா? அவளுக்கு அழுகைதான் எழுதப்பட்டிருக்கிறது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. 1949-இல் வந்த 'நல்லதம்பி'யில் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனின் கதையை எடுத்து, படிக்க ஆசைப்படும் கிந்தனின் கதையாக்கினார். நந்தனின் பக்தியை அவர் கேலி செய்யவில்லை. போகிற வழியை மறித்து நிற்பவர்களைக் கேலி செய்தார். அதற்கும் முன்பே, 1936-இல், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள்ளிருந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' எழுதி, அந்த வழக்கத்தையும் அதைத் தீனி போட்டு வளர்த்த மைனர்களையும் தோலுரித்தார். உள்ளே இருந்து அடிபட்டவளுக்கு யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. பின்னால் வந்த திரை நகைச்சுவை இந்த வழிகளை விட்டுவிட்டு எளிய வழியைப் பிடித்துக்கொண்டது: சாமியாடும் கிழவி, மண்சோறு சாப்பிடும் மாமியார், வேப்பிலையோடு ஓடிவரும் பருத்த பெண்.

எங்கள் பக்கத்தில் சிரிப்பும் சாமியும் ஒரே களத்தில் இருப்பவை. திரௌபதி வழிபாட்டுக்கு மூல ஊராகச் சொல்லப்படும் மேலச்சேரி செஞ்சியை அடுத்துத்தான் இருக்கிறது. பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடி, மண்ணால் செய்த துரியோதனனைப் படுகளத்தில் வீழ்த்தி, கடைசியில் தீமிதி. கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். ராசாவின் வேலையாள், ராசாவையே நக்கலடிப்பவன். துகிலுரியும் இரவில்கூட அவன் வாய் ஓயாது. ஆனால் துச்சாதனன் புடவையில் கைவைக்கும் கட்டத்தில், நான் பார்த்த கூத்துகளில் ஆட்டத்தை நிறுத்திச் சூடம் ஏற்றி, வேடம் கட்டியவர்கள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கே சிரிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கலைஞர்களுக்குத் தெரியும். இருந்தும், நான் பார்த்து வளர்ந்த கூத்தில் திரௌபதியும் ஆண்தான், கட்டியங்காரனும் ஆண்தான். அவனுடைய நக்கலில் பாதி ஊர்ப் பெண்களின் உடம்பைப் பற்றியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பக்தியின் களத்திலும் பகுத்தறிவின் மேடையிலும் கூந்தல் வைத்துக்கொள்பவன் ஆண், சிரிக்கப்படுபவள் பெண். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஒரு வருடம் அத்தைக்குச் சாமி வந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். திருவிழாவுக்கு வசூல் செய்த பெரியவரைப் பார்த்து, "டேய், என் கணக்க யாருகிட்டடா சொன்ன?" என்று கேட்டாள். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டு அவர் கைகூப்பினார். மறுநாள் காலையில் அதே பெரியவர், "ஏமே, இன்னா இங்க நின்னுக்கினு" என்று அவளை விரட்டினார். இதில் எது நகைச்சுவை? ஆண்டு முழுவதும் அவளுக்கு மறுக்கப்பட்ட ஒரு 'டேய்' அரைமணி நேரம் மட்டும் அனுமதிக்கப்படுகிறது. அதைச் சொல்ல அவள் தெய்வமாக மாற வேண்டியிருக்கிறது. அந்த அரைமணி நேரமும் பெரியவர் நடுங்குகிறார். நடுங்கிய அந்தப் பெரியவரைத் தோழர் மேடையில் நடித்துக் காட்டியிருந்தால் அத்தை எழுந்து நின்று கைதட்டியிருப்பாள். அவர் நடித்துக் காட்டியது அவளுடைய விரிந்த கூந்தலை.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, மனம் புண்படுகிறது" என்று கொடி பிடித்து வரத் தயாராகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: என்னை உங்கள் வரிசையில் சேர்க்காதீர்கள். 1927-இல் வெள்ளைக்காரன் சேர்த்த 295ஏ பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்று எண் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2021 புத்தாண்டு அன்று இந்தூரில், மேடையில் சொல்லாத நகைச்சுவைக்காக முனவ்வர் ஃபரூக்கி கைதானார். பிணை கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு முந்தைய ஜூலையில், அரபிக்கடலில் எழுப்பவிருந்த சிவாஜி சிலையை ஒட்டிக் கிண்டல் பேசிய அக்ரிமா ஜோஷுவாவின் பழைய காணொளி ஒன்று பரவியது. அவருக்கு வன்புணர்வு மிரட்டல்கள் வந்தன. ஒருவர் முகத்தைக் காட்டியே பேசி வெளியிட்டார். அந்தச் சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டையின் நிழலில்தான் நாங்கள் வாழ்கிறோம். ஒரு கிண்டலால் அதில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆண் சிரித்தால் சிறை, பெண் சிரித்தால் அவள் உடம்பு. புண்படும் மனங்களும் ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் தண்டிக்கின்றன. உண்மையில் கேலி செய்யப்பட்ட என் அத்தையோ எந்தக் காவல் நிலையத்துக்கும் போகவில்லை. கால் தப்பு என்றாள், அவ்வளவுதான்.

நாத்திகர்களாகிய நமக்கும் ஒரு மடன் உண்டு. நம்புகிறவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாரோ கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். படுகளம் முடிந்த ஒரு பகலில், கோயில் வாசலில் கூட்டம் குறைந்த பிறகு, அத்தை அம்மன் முன்னால் நின்று கைகூப்பியபடி சொன்னதைக் கேட்டிருக்கிறேன்:

"உனுக்கு அஞ்சு பேரு இருந்தும் ஒருத்தனும் வாயத் தொறக்கல. எனுக்கு இருந்தது ஒருத்தன். அவன் வாயத் தொறந்தா சாராய நாத்தம். ரெண்டு பேரு பொழப்பும் ஒண்ணுதான், போடி."

சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டாள். கணவனையும் காவியத்தையும் கடவுளையும் சேர்த்து இவ்வளவு சிக்கனமாக விசாரித்த நாத்திகப் பேச்சை நான் கேட்டதில்லை. அவள் அம்மனை முழுக்க நம்பித்தான் அதைச் சொன்னாள். கேலி செய்வதற்கு அவள் நம்பிக்கையைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை.

தோழர்களே, துண்டைத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பதற்கு உண்டியல் இருக்கிறது. கருவறை வாசலில் பிறப்பைக் கேட்டு நிறுத்துகிறவர் இருக்கிறார். மாதவிலக்கான பெண்ணுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் சர்வ வல்லமை படைத்த கடவுள் இருக்கிறார். பூசை அறையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்களும் இருக்கிறீர்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு என் அத்தையிடம் வருகிறீர்கள் என்றால், உங்களுக்குப் பயம் என்று அர்த்தம். தோழிகளே, நம்மில் கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இருக்கிறோம். அந்தக் கணக்கை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். முதலில் கட்டியங்காரியின் இடத்தை நாம் எடுத்துக்கொள்வோம்.

போன வருடம் ஒரு பெண்கள் கூட்டத்தில் அத்தை சொன்னதை அவள் பேரைச் சொல்லியே சொன்னேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த நாலைந்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முழங்கால் வலியால் அத்தை இப்போது தீ மிதிப்பதில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"நான் சொன்னத சொல்லிக் கைதட்டு வாங்கனியே, காசு எதுனா குடுத்தாங்களா?"