எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள அடைக்காதேங்கோ

லினக்ஸில் ஒரு மென்பொருளை மூலநிரலில் இருந்து கட்ட வெளிக்கிட்ட எல்லாருக்கும் இந்தக் கரைச்சல் தெரியும். ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி கணினியில இருக்கும். ஆனா ஹெடர் கோப்பைக் காணேல்ல எண்டு கொம்பைலர் நிண்டுவிடும். 'டெவ்' எண்டு முடியிற பொதியையும் தனியாப் போடவேணும். இதைக் காட்டி ஒரு கூட்டம் சொல்லுது: "உந்தப் பழைய முறையை விடுங்கோ. தேவையான லைப்ரரி எல்லாத்தையும் மென்பொருளுக்குள்ளயே வச்சு அனுப்புங்கோ. இடத்துக்கு இப்ப ஆர் கவலைப்படுகினம்?"

சரி, இடத்தை விடுவம். ஓட்டை விழுந்தா ஆர் அடைக்கிறது?

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசையில் இருந்த ஒரு பிழையால், சேவையகத்தின் நினைவகத்தை ஆரோ ஒருவர் தூர இருந்தே துண்டு துண்டாக வாசிக்க முடிந்தது. பகிர்ந்த லைப்ரரியைப் பாவித்த கணினிகளில் ஒரு பொதியை மாற்றி, சேவைகளை மீளத் தொடக்கினால் அந்த ஓட்டை அடைபடும். உள்ளுக்குள்ள தனிப் பிரதி வச்சிருந்த மென்பொருட்களோ ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டப்படவேண்டும். அதைவிட மோசம், எதுக்குள்ள எந்தப் பதிப்பு இருக்கு எண்டதே பாவிக்கிறவருக்குத் தெரியாது.

டெபியன் போன்றவை பொதியைப் பிரிக்கிறது சும்மா இல்லை. ஹெடர் கட்டும்போது மட்டும் தேவை; ஓடும்போது லைப்ரரி மட்டும் போதும். லைப்ரரிப் பொதியின் பெயரிலேயே ஒரு இலக்கம் இருக்கும். பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தா அந்த இலக்கம் மாறும். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்.

"அப்ப 2024 இல எக்ஸ்ஸட் பின்கதவு பகிர்ந்த லைப்ரரியாலதானே வந்தது?" எண்டு கேப்பினம். நியாயமான கேள்வி. ஆனா ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு அந்தச் சுருக்க லைப்ரரி தேவையே இல்லை. தான் தொடங்கிவிட்டேன் எண்டு சிஸ்டம்டிக்கு ஒரு தகவல் சொல்ல, சில வெளியீடுகள் லிப்சிஸ்டம்டியை ஒட்டின. அதுக்குப் பின்னால லிப்எல்இசட்எம்ஏ-வும் சேர்ந்து வந்தது. பிறகு ஓபன்எஸ்எஸ்எச் அதே தகவலை எந்த லைப்ரரியும் இல்லாமல் தானே அனுப்பத் தொடங்கியது. ஆக, அங்கே பிழைத்தது பகிர்வு இல்லை, கணக்கில்லாத ஒட்டு. பெட்டிக்குள்ள அடைச்சிருந்தாலும் அந்தப் பின்கதவு உள்ளுக்குள்ளதான் இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

அதனால பொதி செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கட மென்பொருள் உண்மையாவே எந்தெந்த லைப்ரரியைக் கூப்பிடுது எண்டு பாருங்கோ, தேவையில்லாததைக் கழற்றுங்கோ. உங்கட பொது ஹெடருக்குள்ள இன்னொரு லைப்ரரியின் ஹெடரை இழுத்தால், உங்களைப் பாவிக்கிற ஒவ்வொருவரும் அதையும் நிறுவவேண்டி வரும். உள்நிரலில் மட்டும் தேவையெண்டா அங்கேயே வையுங்கோ.

தங்கியிருக்கிறது வெட்கமில்லை. ஆரில தங்கியிருக்கிறம் எண்டு தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து.