பெட்டியடியில் இருந்து போர்க்களத்துக்கு!

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சிங்கம்புணரி பஸ்ஸைப் பார்த்திருப்பீங்க. ப.சிங்காரம் அந்த ஊர்க்காரர். 1938-ல் இந்தோனேஷியாவின் மேடான் நகரத்துக்குக் கடை வேலைக்காகக் கப்பல் ஏறினவர். 1972-ல் வெளிவந்த அவரோட 'புயலிலே ஒரு தோணி' நாவலைக் கையில் எடுக்கிறதுக்கு முன்னாடி, கொஞ்சம் ஹிஸ்டரி.

அப்போ நம்ம ஏரியா பசங்களுக்கு ஏது கேம்பஸ் இன்டர்வியூ? பர்மா, மலேயா, சுமத்ரானு செட்டியார்களோட வட்டிக்கடைகளுக்குப் போவாங்க. ஆரம்பத்துல பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அதுக்கும் மேலே மேலாள். மூணு வருஷக் கணக்கு முடிஞ்சாத்தான் ஊர்ப் பக்கம் வர முடியும்.

1941 டிசம்பரில் பினாங்கு, 1942 மார்ச்சில் மேடான்... ரெண்டையும் ஜப்பான் பிடிச்சது. கப்பல் நின்னுபோச்சு. ஊருக்குப் பணமும் போகலை, கடுதாசியும் போகலை. மலேயாவில் ஜப்பான்காரன் வாழைமரம் போட்ட நோட்டை அச்சடிச்சுத் தள்ளினான். பழைய கடனை அந்த நோட்டாலயே அடைச்சாங்க. 1945-ல் ஜப்பான் சரணடைஞ்சதும் அது வெறும் காகிதம்!

நடுவில், 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத் தொழிலாளிங்க, கடைப் பசங்கன்னு ஏகப்பட்ட தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தாங்க. நாவலின் ஹீரோ பாண்டியனும் அப்படி ஒருத்தன்தான்.

சண்டை முடிஞ்சு பாண்டியன் ஊர் திரும்பினானா? அதை நான் சொல்ல மாட்டேன். உங்க காலேஜ் லைப்ரரியில் கேளுங்க. படிச்சிட்டு, செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளை ஒரு தடவை பாருங்க. எந்தக் காசுல கட்டினது, யார் திரும்பி வரலைனு கேட்கத் தோணும்!