பில்லில் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்



2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டவர்களில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஏராளம். எந்த வீட்டில் யார் ஆக்சிஜன் கருவியை நம்பி மூச்சு விடுகிறார் என்று சொல்ல, மீட்கப் போனவர்கள் கையில் முழுமையான பட்டியல் இல்லை.

2013-ல் அதே ஊரில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அமெரிக்காவில் 'மெடிகேர்' என்ற அரசுக் காப்பீடு உண்டு. வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் கருவிக்கு அது மாத வாடகை கட்டுகிறது. அந்த வாடகைக்காக வந்த கிளெய்ம்களை அலசிப் பட்டியல் எடுத்து, சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்ததில் பட்டியல் 93 சதவீதம் சரியாக இருந்தது! உதவி தேவைப்படுவோர் பதிவு செய்ய மாநகராட்சி வைத்திருந்த ஏட்டில் இவர்களில் மிகச் சிலரே பெயர் கொடுத்திருந்தார்கள். பின்னர் இந்த முயற்சி 'எம்பவர்' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. பொதுமக்கள் பார்க்க அதற்கு ஒரு வரைபடமும் உண்டு; அதில் எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது. அந்தக் கவனம் அவசியம்.

ஆனாலும் கிளெய்ம் என்பது பணம் கேட்டு எழுதும் தாள். காது கேளாதவர் காய்ச்சலுக்குப் போனால் பில்லில் காய்ச்சல்தான் இருக்கும். ஒரு காலை இழந்தவர் வருஷக்கணக்கில் சர்க்கரைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து வரலாம். மருத்துவர் குறிக்காவிட்டால் காப்பீட்டுக் கணக்கில் அவருக்கு இரண்டு கால்கள். படியேற முடியாததாலேயே மருத்துவமனைக்குப் போகாதவர் கணக்கிலேயே வரமாட்டார். எனவே கிளெய்மை வைத்து உதவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். உதவியை மறுக்க ஒருநாளும் அதைக் காரணம் காட்டக் கூடாது.

பில்லை மட்டும் நம்பாமல் நேரில் கேட்கவும் வழி உண்டு. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, பேசிப் புரியவைப்பது. இவற்றில் சிரமம் உண்டா என்ற ஆறே கேள்விகளை ஐ.நா.வின் வாஷிங்டன் குழு வகுத்துத் தந்திருக்கிறது. நேரில் கேட்பதற்கு ஈடில்லை.

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். உலக அளவில் 16 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வித்தியாசத்துக்கு, கேட்கும் முறை வேறு என்பது ஒரு காரணம். நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று வீட்டார் மறைப்பது இன்னொரு காரணம். அடுத்த முறை கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது, உள்ளறையில் இருக்கும் பிள்ளையையும் பாட்டியையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.