படுக்கப் போகும் முன் ரொட்டி சானாய்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பார்மசி நடத்துகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல், இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் துறைமுக லாரி டிரைவர்கள் வருவார்கள். "தங்கச்சி, கேஸ்ட்ரிக் தாங்கல. ஈனோ குடும்மா" என்பார்கள், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

"கடைசியா எப்பண்ணே சாப்பிட்டீங்க?"

"காலையில வேலை முடிஞ்சு மாமாக் கடையில ரெண்டு ரொட்டி சானாய், ஆட்டுக்கறி, தே தாரிக். வீட்டுக்குப் போனதும் படுத்துட்டேன். சம்பலைத் தொட்டே மாசக்கணக்காச்சு, இன்னும் எரியுதே?"

பாவம், சம்பலை விட்டவர் படுக்கும் நேரத்தை மாற்றவில்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு விம்மினாலும் தொப்பை அழுத்தினாலும் அது தளர்ந்துவிடும். எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். அதற்குள் படுத்தால் அமிலம் மேலேறித் தொண்டைவரை எதுக்களிக்கும். காரம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், உண்மைதான். ஆனாலும் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

நம்மவர்கள் இதில் அசட்டையாக இருக்க முடியாது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட 1,000 பேரை வைத்து 2004இல் வெளிவந்த ஆய்வு, இந்தியர்களுக்கு இந்த அமில எதுக்களிப்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது.

ஈனோ ஒரு பெரிய ஏப்பத்தோடு ஆறுதல் தரும். ஆனால் 5 கிராம் பாக்கெட் ஒன்றில் 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு உள்ளவர் தினம் இரண்டு பாக்கெட் கேட்டால் என் கை தயங்குகிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமிப்ரசோல் மாத்திரையும் எரியும்போது போட்டால் உடனே கேட்காது; சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, டாக்டர் சொன்ன வாரங்கள் வரை போட வேண்டும். முட்டிவலிக்குப் போன்ஸ்தான் மாத்திரை போடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவே வயிற்றைப் புண்ணாக்கும். படுக்கும்போது அமிலம் மேலேறாமல் இருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடிக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும்.

சோறு தொண்டையில் அடைத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, உடம்பு இளைத்துக்கொண்டே வந்தாலோ என் கடைக்கு வர வேண்டாம். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், போய்க் காட்டுங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்துக் கொட்டி, கைக்கும் தாடைக்கும் வலி பரவினால் அதைக் கேஸ்ட்ரிக் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.

முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை வாங்கினால் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அந்த அரை மணியில், நள்ளிரவிலும், சுடச்சுடச் சோறு போடும் கேண்டீன் வேண்டும். டிரைவர் அங்கேயே வயிறாரச் சாப்பிட்டால், காலையில் ரொட்டி சானாயைத் தேடாமல் படுக்கப் போகலாம்.