நெருப்புக்கு எதற்குப் பொம்மை வேஷம்?



ஃபேன்சி ஸ்டோர்களிலும் திருவிழாக் கடைகளிலும் கார், துப்பாக்கி வடிவத்தில் சிகரெட் லைட்டர் விற்கிறார்கள். சிலவற்றில் கலர் விளக்கும் மின்னுகிறது. பீடி, சிகரெட் பற்றவைக்கக் கார் எதற்கு?

"பெற்றோர்தான் கவனமாக இருக்கணும்" என்பார்கள். தீப்பெட்டியைக் காட்டி, "தொடாதே, சுடும்" என்று மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு கார் விளையாட, இன்னொரு கார் சுடும் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைத் தடை செய்ய 2006-லேயே முடிவெடுத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2008-ல் தடை செய்தது. நம் அரசும் 2023-ல், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியைத் தடுத்தது. கோவில்பட்டி, சாத்தூர் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு அது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அது விலையைப் பார்த்துப் போட்ட தடை. விலை கூடிய பொம்மை லைட்டர் அதில் சிக்காது. உருவத்தைப் பார்த்தும் தடை வேண்டும். இறக்குமதிக்கு மட்டுமல்ல, விற்பனைக்கும்.

கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தச் சரக்கை இன்றே இறக்கி வையுங்கள். மற்றவர்கள், அதை விற்கும் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "அண்ணாச்சி, இது யாருக்கு?"